லுகேமியா சிகிச்சையில் இருக்கும் குழந்தையுடன் வீட்டில் வாழ்வது: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

சிறு குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ஏ.எல்.எல். (அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா) எனப்படும் ரத்தப் புற்றுநோய். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கே இது அதிகம் வருகிறது. சிகிச்சை தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதத்தில், பெரும்பாலான குழந்தைகளின் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் நோய் தென்படாமல் போய்விடும். முகத்தில் களை திரும்பும், குழந்தை ஓடி விளையாடத் தொடங்கும். அதைப் பார்த்துவிட்டு, குணமாகிவிட்டது என்று ஊருக்குப் போய் மறுபடி வராமலே இருந்துவிடும் குடும்பங்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவில் நோய் உள்ளே மிச்சம் இருக்கும். நிறுத்தினால் அது திரும்பி வரும், திரும்பி வந்தால் விரட்டுவது முன்னைவிடக் கடினம்.

முழுச் சிகிச்சை இரண்டு, இரண்டரை வருடம் நீளும். சில மருத்துவமனைகளின் முறையில் அதற்கு மேலும் போகும். முதல் ஆறு முதல் எட்டு மாதங்கள் கடுமையானவை. அதன் பிறகு வருவது ‘மெயின்டனன்ஸ்’ எனப்படும் பராமரிப்புக் கட்டம். அப்போது குழந்தை வீட்டில்தான் இருக்கும், மருந்து கொடுப்பவர் நீங்கள்தான். நர்ஸ் பார்த்த வேலை, டாக்டர் கவனித்த அறிகுறி, சமையல், மற்றப் பிள்ளைகளின் படிப்பு, கடன், உறவினரின் கேள்விகள் எல்லாம் ஒரே வீட்டுக்குள் வந்து சேரும்.

இந்தக் காலத்தைக் கடக்கும் பெற்றோரிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது: காய்ச்சல், மாத்திரை, தொற்று ஆகிய மூன்றிலும் இம்மியும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் குழந்தையைக் குழந்தையாக இருக்க விடுங்கள். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. “ஓடாதே, குதிக்காதே, வெயிலில் போகாதே” என்று பிள்ளையை மூலையில் உட்கார வைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு வந்த காய்ச்சலுக்கு விடியும் வரை காத்திருக்கிறார்கள்.

கீழே உள்ளவை பொதுவான முறைகள். உங்கள் மருத்துவர் சொன்னது எதிலாவது மாறினால், உங்கள் குழந்தையைப் பார்த்தவர் அவர். அவர் சொல்வதையே கேளுங்கள்.

படி 1: டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கேட்டு வாங்குங்கள்

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களுக்குத் தொலைதூர மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள் பலர். ராமநாதபுரத்தில் இரவு காய்ச்சல் வந்தால் சென்னைக்கு ஓடி வர முடியாது. ஆகவே டிஸ்சார்ஜ் நாளன்றே மூன்றை முடித்துக்கொள்ளுங்கள்.

இரவிலும் எடுக்கக்கூடிய வார்டு தொலைபேசி எண் ஒன்று. உங்கள் ஊருக்கு அருகில், நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றக்கூடிய மருத்துவமனை எது என்ற பதில். மூன்றாவதுதான் முக்கியம்: நோயின் பெயர், இப்போது நடக்கும் சிகிச்சை, காய்ச்சல் வந்தால் என்ன மருந்து, எவ்வளவு அளவு என்று எழுதி மருத்துவர் கையெழுத்திட்ட கடிதம். முன்பின் பார்த்திராத குழந்தைக்கு நள்ளிரவில் பணிபுரியும் இளம் டாக்டர் தயங்காமல் மருந்து தொடங்க அந்தக் கடிதம்தான் துணை. அதைப் பிரதி எடுத்து ஒன்றைப் பையிலும் ஒன்றை வீட்டுக் கதவருகிலும் வையுங்கள், படம் எடுத்து இருவர் கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: காய்ச்சல் என்றால் உடனே கிளம்புங்கள்

கீமோ மருந்துகள் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களையும் குறைத்துவிடும். வார்டில் எல்லோரும் “கவுண்ட் குறைந்திருக்கிறது” என்று சொல்வது இதைத்தான். நியூட்ரோஃபில் என்ற வகை 500க்குக் கீழே இறங்கிவிட்டால், சாதாரணக் கிருமிகூடச் சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாக முடியும். சீழ் கட்டாது, சளி தெரியாது. பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் வெளியே தெரியும் அடையாளம்.

நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள். தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்துவிட்டால் அது அவசரம். அக்குளில் வைத்துப் பார்ப்பவர்களுக்குச் சில மருத்துவமனைகள் இதைவிடக் குறைந்த எல்லையைச் சொல்லும். உங்களுக்குச் சொன்னதைத் தெர்மாமீட்டர் பெட்டி மேலேயே எழுதி ஒட்டுங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கவே கூடாது. சிறு கீறல்கூடக் கிருமிக்கு வழியாகிவிடும்.

மருத்துவமனையிடம் பேசுவதற்கு முன் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். காய்ச்சல் இறங்கும், தொற்று இறங்காது; உங்களுக்குத் தவறான நிம்மதிதான் கிடைக்கும். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் ரத்தக்கசிவைத் தூண்டும். மருத்துவர் சொல்லாமல் அவற்றைத் தொடவே வேண்டாம். மருத்துவமனை வாசலை அடைந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போக வேண்டும் என்பதே குறிக்கோள். வரிசையில் நிற்காதீர்கள். “கீமோ எடுக்கும் குழந்தை, காய்ச்சல்” என்று கடிதத்தை நீட்டிச் சத்தமாகச் சொல்லுங்கள். உங்களை யாராவது அவசரக்காரர் என்று நினைத்தால் நினைக்கட்டும். சொந்த வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள்.

காய்ச்சலே இல்லாமல் குழந்தை துவண்டு கிடந்தாலோ, உடல் நடுங்கினாலோ, கைகால் சில்லிட்டாலோ, தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ இதே வேகத்தில் கிளம்ப வேண்டும். போர்ட் அல்லது பிக் லைன் (மருந்து ஏற்ற உடலில் பொருத்திய குழாய்) உள்ள குழந்தைக்கு, குழாயில் மருந்து ஏற்றிய சிறிது நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தால் குழாயிலேயே கிருமி இருக்கலாம். அதையும் சொல்லுங்கள்.

ஒரு பையை எப்போதும் தயாராகக் கட்டி வையுங்கள்: ஃபைல், காப்பீட்டு அட்டை, இரண்டு மாற்றுத் துணி, போர்வை, சார்ஜர், கொஞ்சம் பணம், குழந்தைக்குப் பிடித்த ஒரு பொம்மை.

படி 3: மாத்திரைக்கு ஒரு நோட்டு, ஒரு பொறுப்பாளர்

மெயின்டனன்ஸின் முதுகெலும்பு இரண்டு மாத்திரைகள்: தினமும் 6-மெர்காப்டோப்யூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட். இவை நேற்று வந்த மருந்துகள் அல்ல. 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், குழந்தைகளின் லுகேமியாவுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துத் தற்காலிகமாக நோயை அடக்க முடியும் என்று காட்டினார். அந்த மருந்தை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தை வழிநடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அமினோப்டெரினின் மருந்துக் குடும்பத்தில் பிறந்ததுதான் மெத்தோட்ரெக்ஸேட். 6-மெர்காப்டோப்யூரினைத் தந்த கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் 1988இல் நோபல் பரிசு பெற்றார்கள். இத்தனை பேர் உழைப்பு உங்கள் சமையலறை அலமாரியில் ஒரு சிறு அட்டையில் இருக்கிறது. அதை ஒரு நாளும் தவறாமல் கொடுப்பது உங்கள் கையில்.

தினசரி மாத்திரையை 95 சதவீதத்துக்கும் குறைவாக எடுத்த குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாதத்தில் இரண்டு நாள் விட்டாலே அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுவோம். திருமண வீட்டுக்குப் போனோம், பஸ்ஸில் இருந்தோம், தூங்கிவிட்டான், எழுப்ப மனம் வரவில்லை என்று ஒவ்வொன்றாகத்தான் நழுவும். ஆகவே வீட்டில் ஒருவரே பொறுப்பு, அவர் இல்லாத நாளுக்கு இன்னொருவர் பெயர், ஒரே நேரம், நோட்டில் உடனே ஒரு டிக். அம்மா கொடுத்திருப்பார் என்று அப்பாவும், அப்பா கொடுத்திருப்பார் என்று பாட்டியும் நினைத்தால் அன்று கொடுத்தவர் யாருமில்லை. சில சமயம் இருவருமே கொடுத்திருப்பார்கள்.

மெத்தோட்ரெக்ஸேட்டில் மிகுந்த கவனம் வேண்டும். அது வாரத்துக்கு ஒரே நாள். தவறித் தினமும் கொடுத்தால் வாயெல்லாம் புண்ணாகி, கவுண்ட் சரிந்து, உயிரே போகலாம். நாளை முடிவு செய்து, வெள்ளிக்கிழமை என்றால் காலண்டரில் எல்லா வெள்ளிக்கிழமைகளையும் சிவப்பில் வட்டமிடுங்கள். அந்த அட்டையைத் தினசரி மாத்திரைகளோடு வைக்காமல் தனி டப்பாவில் வையுங்கள். நிமோனியாவைத் தடுக்க வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் கொடுக்கும் கோட்ரைமாக்ஸசோலும் பட்டியலில் இருக்கும்; அது சின்ன மாத்திரைதானே என்று விடாதீர்கள்.

குழந்தை மாத்திரையை வாந்தி எடுத்துவிட்டால், எத்தனை நிமிடத்தில் எடுத்தது என்று குறித்துக்கொண்டு வார்டுக்குப் பேசுங்கள். நீங்களாக மறுபடி கொடுக்க வேண்டாம். கையுறை போட்டுத்தான் கீமோ மாத்திரையைத் தொட வேண்டும், உடைத்துப் பொடி செய்து பறக்க விடக்கூடாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் தொடவே வேண்டாம். கீமோ கொடுத்த பிறகு இரண்டு நாள் வரை வாந்தி, சிறுநீர், மலம் சுத்தம் செய்யும்போதும் கையுறை அவசியம்.

பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு ஒரு மாத்திரை, நம் குழந்தைக்கு ஏன் அரை மாத்திரை என்று கவலைப்படாதீர்கள். 6-மெர்காப்டோப்யூரினை உடல் கையாளும் விதம் மரபணுவைப் பொறுத்து மாறும். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்குப் பிறகும் அளவு கூடும், குறையும். பழைய சீட்டைக் கிழித்துப் போடாமல் தேதிவாரியாக ஒட்டி, கடைசிச் சீட்டை மட்டும் சுவரில் மாட்டுங்கள்.

உறவினர் கொண்டுவரும் சத்து டானிக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்வதே ஃபோலிக் அமிலத்தின் வழியை அடைத்துத்தான். அந்த டானிக்குகளில் பலவற்றில் ஃபோலிக் அமிலம் இருக்கும். பல முறை ரத்தம் ஏற்றிய குழந்தையின் உடலில் இரும்புச் சத்து ஏற்கெனவே தேங்கியிருக்கும். இரும்பு டானிக் அதைக் கூட்டும். பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கஷாயம், லேகியம் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காதீர்கள். கல்லீரல் பரிசோதனையில் ஏதாவது ஏறினால் காரணம் தெரியாமல் அவர் கீமோவைக் குறைக்க நேரிடும்.

படி 4: தொற்றை வாசலிலேயே நிறுத்துங்கள்

சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் குழந்தையைத் தொடக் கூடாது. தாத்தாவும் விதிவிலக்கல்ல. இருமல், சளி உள்ளவர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும் இன்னொரு நாள் வரட்டும். “அத்தை, டாக்டர் கூட்டம் சேர்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், சாயந்திரம் வீடியோ காலில் பிள்ளையைப் பேச வைக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். பழியை டாக்டர் மேல் போட்டுவிட்டால் உறவு கெடாது. உதவி செய்ய விரும்புகிறவரிடம் ரத்த தானம் அல்லது பிளேட்லெட் தானம் கேளுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிள் பையும் சுமந்து வருவதைவிட அது பெரிய உதவி.

சாப்பாட்டில் ஒரே கேள்விதான்: நம் வீட்டில், இப்போது, நன்றாக வெந்ததா? சுடச்சுட இட்லி, இடியாப்பம், பருப்பு சாதம், நன்கு வெந்த முட்டை எல்லாம் தாராளம். பழையது, ஹோட்டல் சட்னி, தெருவோர ஜூஸ், வெட்டி வைத்த பழம், பச்சைக் காய்கறி சாலட் வேண்டாம். வாழைப்பழம், ஆரஞ்சு போலத் தோலுரிக்கும் பழங்களைக் கழுவி உரித்துக் கொடுக்கலாம். கேன் தண்ணீரையும் கொதிக்க வைத்தே கொடுங்கள். தயிர் விஷயத்தில் மருத்துவமனைக்கு மருத்துவமனை கருத்து மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். கோயில் தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளட்டும், குடிக்க வேண்டாம். மொட்டை, காது குத்து ஆகிய வேண்டுதல்கள் சிகிச்சை முடியும் வரை காத்திருக்கும், சாமி கோபித்துக்கொள்ளாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நாட்களில் குழந்தையை வேறு வீட்டில் வைத்திருங்கள்: பழைய சுவரைச் சுரண்டும்போது கிளம்பும் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம்.

அம்மை பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் ஊரில் அம்மை கண்டால் வேப்பிலை செருகி, மருந்து கொடுக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வது வழக்கம். சாதாரணக் குழந்தை பெரும்பாலும் பிழைத்துவிடும். கீமோ எடுக்கும் குழந்தைக்குச் சின்னம்மையும் தட்டம்மையும் நுரையீரலையும் மூளையையும் தாக்கக்கூடியவை. உங்கள் குழந்தை அம்மை கண்டவரோடு ஒரே அறையில் இருந்தது தெரியவந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே வார்டுக்குப் பேசுங்கள். தடுப்பு மருந்து கொடுக்கும் காலம் குறுகியது. எதிர்வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கினால் அந்தப் பக்கம் விளையாடப் போக விடாதீர்கள். அண்ணன், அக்கா, தம்பிக்குத் தடுப்பூசிகள் எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போலியோவுக்கு மட்டும் அவர்களுக்கும் சொட்டு மருந்து வேண்டாம், ஊசி போதும் என்று மருத்துவர் சொல்வார். முகாம் நாளன்று வீடு தேடி வருபவர்களிடம் அதை விளக்குங்கள்.

வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசிக்குப் பிறகு மலச்சிக்கல் சகஜம். பாட்டிமார் கைவைத்தியமாக வெற்றிலைக் காம்பையோ சோப்புத் துண்டையோ வைக்க முன்வருவார்கள், அன்பாகத் தடுத்துவிடுங்கள். மருத்துவர் தரும் சிரப்பை முன்கூட்டியே தொடங்கினால் போதும். குழந்தை அடிக்கடி தடுக்கி விழுந்தாலோ, நுனிக்காலில் நடந்தாலோ, தாடை வலிக்கிறது என்று அழுதாலோ அதுவும் இந்த ஊசியின் வேலையாக இருக்கலாம். சொன்னால் பிசியோதெரபி தொடங்குவார்கள்.

படி 5: ஸ்டீராய்டு நாட்களுக்குத் தனி ஏற்பாடு

சிகிச்சையின் ஒரு பகுதியாக ஸ்டீராய்டு மருந்து கொடுக்கும் நாட்களில் உங்கள் குழந்தை உங்களுக்கே அந்நியமாகத் தெரியும். நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து சாதம் கேட்கும், ஒரு ஸ்பூன் தவறான தட்டில் இருந்ததற்காக அரை மணி நேரம் அழும், அடிக்கும், முகம் வீங்கும். மருந்துதான் அப்படி ஆட்டுகிறது, வளர்ப்பில் குறையில்லை. காலையில் சாப்பாட்டோடு கொடுத்தால் தூக்கம் கொஞ்சம் மிஞ்சும். அந்த நாட்களில் விருந்தாளி, பயணம், முக்கிய வேலை எதையும் வைக்காதீர்கள். இரவில் எழ இருவரும் முறை வையுங்கள். உப்பும் இனிப்பும் குறைவாக, சிறு சிறு அளவில், வெந்த உணவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மருந்தைப் பாதியில் நீங்களாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

படி 6: உண்மையைச் சொல்லுங்கள்

மூன்று, நான்கு வயதுக் குழந்தை, தான் செய்த தவறுக்குத் தண்டனையாகத்தான் நோய் வந்தது என்று எண்ணக்கூடும். “சாப்பிடவில்லையென்றால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்று மிரட்டும் வழக்கம் நம் வீடுகளில் அவ்வளவு சகஜம். அதை இன்றோடு நிறுத்துங்கள், வருவோர் போவோரையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஊசி என்பது தண்டனை என்று பதிந்துவிட்டால் அடுத்த இரண்டு வருடமும் ஒவ்வொரு முறையும் போராட்டம்தான்.

“கடைக்குப் போகிறோம்” என்று பொய் சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். “இன்று முதுகில் ஊசி. தூங்க வைத்துத்தான் போடுவார்கள். நான் பக்கத்திலேயே இருப்பேன்” என்று, நடக்கப்போவது எதுவோ அதை முந்தின நாள் சொல்லுங்கள். வலிக்காது என்று சொல்லாதீர்கள். மரத்துப்போக வைக்கும் கிரீம் உண்டா என்று நர்ஸிடம் கேளுங்கள். எந்தக் கையில், யார் மடியில் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைக் குழந்தைக்குக் கொடுங்கள். அதன் கையில் விட முடிவது அவ்வளவுதான், அதையாவது விடுங்கள்.

கேட்டதையெல்லாம் வாங்கித் தருவதும் குழந்தையைப் பயமுறுத்தும். பல் தேய்ப்பது, தூங்கும் நேரம், தம்பியை அடிக்கக் கூடாது என்ற பழைய விதிகள் அப்படியே இருந்தால், வீடு மாறவில்லை என்று அதற்குப் புரியும்.

படி 7: மற்றப் பிள்ளைகள்

ஒரு நாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால் அம்மாவைக் காணோம். பெரியம்மா வீட்டில் படுக்கை. என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. தம்பியைத் தள்ளிவிட்டதால்தான் இப்படி ஆனதோ என்று அந்தப் பிள்ளை உள்ளுக்குள் எரியும். நோயின் பெயரைச் சொல்லுங்கள். யாராலும் வந்ததல்ல, ஒட்டிக்கொள்ளாது என்று சொல்லுங்கள். ஒரு முறை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் காட்ட முடிந்தால் கற்பனைப் பயம் பாதி குறையும். மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் குறித்த நேரத்தில் ஒரு போன், அந்தப் பிள்ளைக்கு மட்டும். தம்பியைப் பற்றி அல்ல, அவளுடைய கணக்குப் பரீட்சையைப் பற்றிப் பேசுங்கள். அமைதியாக, தொந்தரவு தராமல் இருக்கும் பிள்ளையைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன்.

படி 8: பணம், வேலை, கணவன் மனைவி

முதல் வாரத்தில் நிலத்தையோ நகையையோ விற்காதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவிடமும் சமூகப் பணியாளரிடமும் முதல் நாளே பேசுங்கள். ஆனால் அறை வாடகை, பயணம், சாப்பாடு, சம்பளம் இல்லாத நாட்கள் ஆகியவைதான் இரண்டு வருடத்தில் குடும்பத்தைச் சாய்க்கும். கையிருப்பை அதற்கென்று வையுங்கள். ரயிலில் புற்றுநோய் நோயாளிக்குக் கட்டணச் சலுகை உண்டு: ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, உடன் செல்பவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. உரிய படிவத்தில் மருத்துவமனைச் சான்று வாங்கி முன்பதிவு கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும்.

அம்மா வார்டிலேயே, அப்பா வேலையிலும் கடனிலும் என்று இரண்டு தனி உலகங்களாகப் பிரிந்துபோவது எளிது. அப்பாவும் மாதத்தில் சில கீமோ நாட்களுக்குக் கூட வரட்டும். மருந்துப் பெயர்கள் அவர் வாயிலும் வர வேண்டும். “உன் பக்கத்தில் யாருக்காவது இருந்ததா?” என்ற கேள்வியை வீட்டில் யாரும் எழுப்ப இடம் கொடுக்காதீர்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த நோய் பரம்பரையாக வருவதில்லை.

பெண் குழந்தை, நாளை கல்யாணம் ஆக வேண்டுமே, வெளியே தெரிய வேண்டாம், இவ்வளவு செலவு எதற்கு என்று பெரியவர்கள் இழுத்தால் கணவனும் மனைவியும் ஒரே குரலில் மறுங்கள். ஐந்து வயதுப் பெண்ணின் உயிரைக் காப்பாற்றும் நேரத்தில் இந்தக் கேள்வி எழுவதே எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது. முழுச் சிகிச்சை முடித்த பெண்கள் படித்து, வேலைக்குப் போய், தாயாகி வாழ்கிறார்கள்.

படி 9: பள்ளி

மெயின்டனன்ஸ் தொடங்கி கவுண்ட் நிலையானதும் பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்குப் போகலாம். மருத்துவரின் ஒப்புதலோடு தலைமை ஆசிரியரை நேரில் பாருங்கள். அவரிடம் இரண்டு கோரிக்கைகள் போதும்: காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுக்காமல் உங்களை அழைக்க வேண்டும், வகுப்பில் யாருக்காவது அம்மை என்றால் அன்றே சொல்ல வேண்டும். முடி இல்லாத தலையைப் பற்றி மற்றப் பிள்ளைகளிடம் வகுப்பாசிரியர் முன்னதாகவே இரண்டு வார்த்தை பேசிவிட்டால் கேலி பெரிதாகாது.

படி 10: மாத்திரை நின்ற பிறகு

கடைசி மாத்திரை நாள் மகிழ்ச்சியோடு பயத்தையும் கொண்டுவரும். இத்தனை நாள் காவலாக இருந்த மருந்து இனி இல்லை என்ற பயம். முதல் வருடம் அடிக்கடி ரத்தப் பரிசோதனை இருக்கும், பிறகு இடைவெளி கூடும். எந்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். விட்டுப்போன தடுப்பூசிகளைப் பொதுவாக ஆறு மாதம் கழித்துத் தொடங்குவார்கள். டாக்ஸோரூபிசின் வகை மருந்துகள் பெற்ற குழந்தைகளுக்கு இதயத்தை எக்கோ ஸ்கேனில் அவ்வப்போது பார்க்க வேண்டும். அதன் பாதிப்பு பல வருடம் கழித்தும் தெரியவரலாம்.

எந்தெந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்ற சிகிச்சைச் சுருக்கத்தை மருத்துவமனையில் எழுதி வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போது அதைப் படித்துக் காட்டி, அவர்கள் கையிலேயே ஒப்படையுங்கள்.